சும்மா இருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்துபோகாமல் காப்பது எப்படி?

தொலைவில் உள்ள சர்வரில், எஸ்எஸ்எச் எனும் மறையாக்கப்பட்ட இணைப்பின் வழியாக வேலை செய்யத் தொடங்குபவர்கள் அநேகமாக எல்லோரும் சீக்கிரமே சந்திக்கும் தொல்லை இது. டெர்மினலைத் திறந்து வைத்துவிட்டு வேறு சாளரத்தில் எதையோ படிக்கிறீர்கள். திரும்பி வந்து தட்டினால் எழுத்து விழுவதில்லை. அசையாமல் கிடந்த டெர்மினல், கொஞ்ச நேரம் கழித்து ‘புரோக்கன் பைப்’ என்று அறிவித்துவிட்டு இணைப்பை முடித்துக்கொள்கிறது.

யாரைக் கேட்டாலும் ‘கீப்அலைவ் போடுங்கள்’ என்பார்கள், அதாவது மௌனமான இணைப்பில் அவ்வப்போது ஒரு சிறு செய்தி போகும்படி அமைக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியான பதில்தான். ஆனால் அந்த வரி எதற்கு என்று தெரியாமல் ஒட்டிவைப்பவர், அது பலிக்காத நாளில் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்துப்போகிறார். அதனால் முதலில் காரணம், பிறகு தீர்வு என்ற வரிசையில் போவோம்.

தொடங்கும் முன் ஒன்று. கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில், நான் சேர்த்து எழுதியிருக்கும் இடங்களில் இடைவெளி இல்லாமல் சேர்த்தே தட்டுங்கள். அமைப்புக் கோப்பில் வரும் பெயர்களுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை.

அறுப்பது யார்?

எஸ்எஸ்எச் ஓடுவது, இரு கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி இணைப்பின் மேல். டிசிபியின் இயல்பு என்னவென்றால், இரு முனைகளும் பேசாமல் இருந்தால் கம்பியில் ஒரு பாக்கெட்கூடப் போகாது. உங்கள் கணினியும் சர்வரும் நாள்கணக்கில் மௌனமாக இருந்தாலும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே இரண்டும் நினைத்துக்கொண்டிருக்கும். அவற்றைப் பொறுத்தவரை அதில் தவறும் இல்லை.

சிக்கல் நடுவில் இருக்கிறது. வீட்டு ரவுட்டர், அலுவலக ஃபயர்வால், கிளவுட் நிறுவனத்தின் நேட் கருவி (பல கணினிகளை ஒரே இணைய முகவரியின் வழியே வெளியே அனுப்புவது) ஆகியவை தங்கள் வழியாகப் போகும் ஒவ்வோர் இணைப்பையும் ஓர் அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்கின்றன. அட்டவணையில் இடம் குறைவு. ஆகவே நெடுநேரம் அசைவில்லாத வரிகளை அழித்துவிடுகின்றன. அழித்ததை இரு முனைகளுக்கும் சொல்வதில்லை. அடுத்து நீங்கள் ஒரு விசையைத் தட்டும்போது, அந்தப் பாக்கெட் நடுவில் இருக்கும் கருவிக்கு முன்பின் தெரியாத ஒன்றாகிவிடுகிறது. அது பாக்கெட்டை ஓசையின்றித் தூக்கி எறிந்தால் உங்கள் டெர்மினல் உறைந்து நிற்கும். மறுப்புப் பாக்கெட் அனுப்பினால் ‘கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்’ என்ற செய்தி உடனே வரும்.

எவ்வளவு நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பரிந்துரை உண்டு. 2008-இல் வெளியான ஆர்எஃப்சி 5382 என்ற இணையத் தரநிலை ஆவணம், நிலைபெற்ற டிசிபி இணைப்பை நேட் கருவிகள் குறைந்தது 2 மணி 4 நிமிடம் காக்க வேண்டும் என்கிறது. லினக்ஸ் கர்னலின் இணைப்பு அட்டவணை இதைவிடத் தாராளம்: இயல்பாக 4,32,000 விநாடி, அதாவது ஐந்து நாள். ஆனால் நடைமுறையில் எல்லாக் கருவிகளும் இவ்வளவு பொறுமையாக இருப்பதில்லை. அஷூர் லோட் பேலன்சரின் இயல்பு அளவு 4 நிமிடம். ஏடபிள்யூஎஸ் நேட் கேட்வே 350 விநாடி. கூகுள் கிளவுடின் ஃபயர்வால் 10 நிமிடம். உங்களுக்கும் சர்வருக்கும் இடையே இப்படி மூன்று கருவிகள் இருந்தால், அவற்றில் பொறுமை மிகக் குறைந்தது எதுவோ அதுதான் உங்கள் இணைப்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

எல்லாத் துண்டிப்பும் நடுவழிக் கருவியால் வருவதில்லை. அறிகுறிகளைக் கொண்டு பிரித்துப் பாருங்கள்:

– உறைந்து நின்று, பிறகு ‘புரோக்கன் பைப்’ என்று வந்தால் பெரும்பாலும் நடுவழிக் கருவி.
– ‘டைம்டு அவுட் வெயிட்டிங் ஃபார் இன்புட்: ஆட்டோ லாக்அவுட்’ என்று வந்தால் சர்வரில் உள்ள பேஷ் ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) உங்களை வெளியேற்றியிருக்கிறது.
– ‘குளோஸ்டு பை ரிமோட் ஹோஸ்ட்’ என்றால் முடித்தது சர்வர் பக்கம். அமைப்பு காரணமாக இருக்கலாம், சர்வர் மறுதொடக்கமாகவும் இருக்கலாம்.
– மடிக்கணினியை மூடித் திறந்த பிறகு மட்டும் நடந்தால் உங்கள் கணினி உறங்கியதுதான் காரணம்.
– தட்டிக்கொண்டிருக்கும்போதே அறுந்தால் அது சும்மா இருந்ததால் வந்த துண்டிப்பு அல்ல. வைஃபையையோ விபிஎன்னையோ பாருங்கள். இந்தக் கட்டுரையின் முதல் பாதி அதற்கு உதவாது.

ஊகிக்க விருப்பமில்லையா? அளந்துவிடலாம். கீப்அலைவ் எதுவும் அமைக்காத நிலையில் சர்வரில் நுழைந்து இதைத் தட்டிவிட்டு, கை வைக்காமல் விடுங்கள்:

ஸ்லீப் 180; டேட்; ஸ்லீப் 360; டேட்; ஸ்லீப் 720; டேட்

ஒவ்வொரு முறையும் மௌனம் இரட்டிப்பாகிறது. முதல் நேரம் திரையில் வந்து இரண்டாவது வரவில்லை என்றால், உங்கள் பாதையின் பொறுமை 3 நிமிடத்துக்கும் 6 நிமிடத்துக்கும் இடையில் இருக்கிறது. இந்த ஒரு தகவல் கையில் இருந்தால் மற்ற எண்களை நம்பிக்கையோடு தேர்ந்தெடுக்கலாம்.

உங்கள் கணினியில் செய்ய வேண்டியது

பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பகுதியே போதும். சர்வரில் எதையும் தொட வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முதலில் சோதனைக்காக ஒரே ஒரு முறை இப்படி இணைந்து பாருங்கள்:

எஸ்எஸ்எச் -ஓ சர்வர்அலைவ்இன்டர்வல்=60 பயனர்@சர்வர்

சர்வரிடமிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால், உங்கள் கணினி ‘இருக்கிறாயா?’ என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். சர்வர் பதில் சொல்லும். இரு திசையிலும் பாக்கெட் போவதால் நடுவழிக் கருவி தன் கடிகாரத்தை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது இந்தச் செய்தி போவதே இல்லை, மௌனத்தில் மட்டும்தான். ஆகவே இணையச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பலித்ததா? இனி நிரந்தரமாக்குவோம். லினக்ஸிலும் மேக்கிலும் உங்கள் ஹோம் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் ‘.எஸ்எஸ்எச்’ என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் ‘கான்ஃபிக்’ என்ற கோப்பைத் திறங்கள். இல்லாவிட்டால் உருவாக்குங்கள். கோப்பின் கடைசியில் இந்த மூன்று வரிகளைச் சேருங்கள்:

ஹோஸ்ட் *
    சர்வர்அலைவ்இன்டர்வல் 60
    சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 3

பிறகு ‘சிஎச்மோட் 600’ கட்டளையால், அந்தக் கோப்பை நீங்கள் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிகிறபடி செய்யுங்கள். மற்றவர்கள் எழுத முடிகிற கோப்பாக இருந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்க மறுத்துவிடும்.

கடைசியில் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்எஸ்எச் இந்தக் கோப்பை மேலிருந்து கீழாகப் படிக்கும்போது, ஓர் அமைப்புக்கு முதலில் கிடைக்கும் மதிப்பையே எடுத்துக்கொள்ளும். நட்சத்திரக் குறி எல்லாச் சர்வர்களையும் குறிப்பதால், அதை மேலே வைத்தால் குறிப்பிட்ட சர்வருக்கென்று கீழே நீங்கள் எழுதும் வேறு எண் மதிக்கப்படாது. குறிப்பானவை மேலே, பொதுவானது கீழே.

விண்டோஸ் பயனர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸிலேயே வரும் ஓபன்எஸ்எஸ்எச்சும் உங்கள் பயனர் கோப்புறைக்குள் இதே பெயரில்தான் கோப்பைத் தேடும். நோட்பேடில் எழுதிச் சேமித்தால் பெயரின் முடிவில் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்புளோரர் வழக்கமாக அதை மறைத்துக் காட்டுவதால் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சரியாக எழுதியும் ஒன்றும் மாறவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அமைப்பு உண்மையில் எடுபட்டதா என்பதை இணையாமலேயே சரிபார்க்கலாம்:

எஸ்எஸ்எச் -ஜி சர்வர்

இங்கே ‘ஜி’ பெரிய எழுத்து. அந்தச் சர்வருக்கு இறுதியாகப் பொருந்தும் எல்லா அமைப்புகளும் பட்டியலாக வரும். அதில் சர்வர்அலைவ்இன்டர்வல் வரியில் 60 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 0 என்று இருந்தால் இயல்பு நிலையிலேயே இருக்கிறது, உங்கள் கோப்பு படிக்கப்படவில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளுக்குப் புது அமைப்பு பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வெளியேறி மறுபடி நுழைய வேண்டும்.

எஸ்எஸ்எச்சுக்குப் புட்டி என்ற நிரலைப் பயன்படுத்துகிறீர்களா? இடப்புறப் பட்டியலில் ‘கனெக்‌ஷன்’ பக்கத்தைத் திறந்தால், கீப்அலைவ்களுக்கு இடையே எத்தனை விநாடி என்று கேட்கும் பெட்டி இருக்கும். இயல்பாக 0. அதை 60 ஆக்குங்கள். பிறகு ‘செஷன்’ பக்கத்துக்குத் திரும்பி, சேமித்த பெயரைத் தேர்ந்தெடுத்து ‘சேவ்’ அழுத்துங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் அடுத்த முறை பழைய 0 வந்து நிற்கும்.

எந்த எண் நல்லது?

நடுவழிக் கருவிகளின் பொறுமையைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. 4 நிமிடப் பொறுமை உள்ள கருவிக்கு 60 விநாடி தாராளமாகப் போதும். சில இடங்களில் 5 விநாடி, 10 விநாடி என்று எழுதியிருப்பார்கள். அதனால் கூடுதலாக எந்த நன்மையும் இல்லை. கைபேசி இணையத்தில் இருப்பவருக்கு பேட்டரிதான் வீணாகும், ஏனென்றால் ஒவ்வொரு செய்திக்கும் ரேடியோ விழித்தெழ வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாதது இரண்டாவது எண். கவுன்ட்மேக்ஸ் 3 என்றால், தொடர்ந்து மூன்று செய்திகளுக்குப் பதில் வராவிட்டால் உங்கள் கணினியே இணைப்பை முடித்துவிடும். அதாவது 60 × 3, ஏறத்தாழ மூன்று நிமிடம். இதில் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள்: கீப்அலைவ் இணைப்பைக் காக்கவும் செய்யும், அறுக்கவும் செய்யும். கீப்அலைவ் இல்லாத இணைப்பு சும்மா இருக்கும்போது, உங்கள் இணையம் ஐந்து நிமிடம் போய்விட்டு அதே முகவரியோடு திரும்பி வந்தால், டிசிபிக்கு நடந்தது தெரியவே தெரியாது, இணைப்பு பிழைத்துக்கொள்ளும். கீப்அலைவ் இருந்தாலோ மூன்றாவது நிமிடத்திலேயே முடிந்திருக்கும். புட்டியின் கையேடும் இதே எச்சரிக்கையைத் தருகிறது.

அதனால் என் பரிந்துரை இது. இணையம் நிலையாக இருந்தால் 60, 3. விட்டுவிட்டு வரும் இணையமாக இருந்தால் முதல் எண்ணை அப்படியே வைத்து, இரண்டாவதை 10 ஆக்குங்கள். பத்து நிமிடம் தாங்கும். அதற்கு மேல் பெரிதாக ஏற்றிப் பயனில்லை. பதில் வராத பாக்கெட்டை லினக்ஸ் கர்னல் இயல்பாக ஏறத்தாழ 15 நிமிடம் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, தானே இணைப்பைக் கைவிட்டுவிடும்.

‘டிசிபிகீப்அலைவ்’ என்று இன்னோர் அமைப்பும் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் அதை ‘யெஸ்’ ஆக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது இயல்பாகவே ‘யெஸ்’தான். லினக்ஸில் அது முதல் பாக்கெட்டை அனுப்புவதற்கே 7,200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம், காத்திருக்கும். நான்கு நிமிடத்தில் அழிக்கும் கருவியின் முன் அதனால் ஒன்றும் ஆகாது. தவிர, அது மறையாக்கத்துக்கு வெளியே போவதால் நடுவில் உள்ள ஒருவர் போலிப் பதில் அனுப்ப முடியும். சர்வர்அலைவ் செய்தி மறையாக்கத்துக்கு உள்ளேயே போகிறது. டிசிபிகீப்அலைவை இருக்கிறபடியே விட்டுவிடுங்கள்.

சர்வர் பக்கம்

சர்வர் உங்கள் பொறுப்பில் இருந்து, பலர் அதில் நுழைகிறார்கள் என்றால், ஒவ்வொருவர் கணினியையும் திருத்துவதைவிட சர்வரில் ஒரே இடத்தில் அமைப்பது எளிது. ‘/இடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்’ கோப்பில்:

கிளையன்ட்அலைவ்இன்டர்வல் 60
கிளையன்ட்அலைவ்கவுன்ட்மேக்ஸ் 3

இங்கே கேட்பது சர்வர், பதில் சொல்வது பயனரின் கணினி. விளைவு ஒன்றுதான். சேமித்ததும் ரூட் உரிமையோடு ‘எஸ்எஸ்எச்டி -டி’ ஓட்டுங்கள் (ஆங்கிலத்தில் sshd -t). அது கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் காட்டும். பிழை இல்லை என்று தெரிந்த பிறகே சேவையை ‘ரீலோட்’ செய்யுங்கள். தற்போதைய டெர்மினலை மூடாமல், இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதை மூட வேண்டும். இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள். தொலைவில் இருக்கும் சர்வரின் கதவை நீங்களே பூட்டிவிட்டால் திறக்க வழி கிடைப்பது கடினம்.

பழைய குறிப்புகளில் கவுன்ட்மேக்ஸை 0 ஆக்கச் சொல்லியிருப்பார்கள். 2020-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.2-க்கு முன்பு அது, சும்மா இருப்பவரை உடனே வெளியேற்றும் தந்திரமாகப் பயன்பட்டது. 8.2 முதல் அதன் பொருள் தலைகீழ்: 0 என்றால் பதில் வராவிட்டாலும் துண்டிக்காதே என்பது. பதிப்பைப் பார்க்காமல் நகலெடுக்காதீர்கள்.

ஷெல்லே வெளியேற்றும் நிலைக்கு வருவோம். சர்வரில் ‘எக்கோ $டிஎம்அவுட்’ என்று தட்டுங்கள். டிஎம்அவுட் (TMOUT) முழுவதும் பெரிய எழுத்து. ஓர் எண் வந்தால், அத்தனை விநாடி நீங்கள் எதுவும் தட்டாவிட்டால் பேஷ் உங்களை வெளியேற்றும். கீப்அலைவ் இதை மாற்றாது, ஏனென்றால் பேஷ் எதிர்பார்ப்பது உங்கள் விசைத்தட்டலை. இது பெரும்பாலும் நிர்வாகி தெரிந்தே வைத்தது. கட்டண அட்டைத் தரவைக் கையாளும் இடங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலை, 15 நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் மறுபடி அடையாளம் காட்டச் சொல்கிறது. திறந்து கிடக்கும் டெர்மினலில் வேறொருவர் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது நியாயமான அச்சம். சுற்றுவழி தேடாமல் நிர்வாகியிடம் பேசுங்கள். உங்களுக்குத் தேவையானது அநேகமாக அடுத்த பகுதியில் இருக்கிறது.

வேலையை இணைப்பிலிருந்து பிரித்து வையுங்கள்

இதுவரை சொன்னவை துண்டிப்பைக் குறைக்கும். நிறுத்திவிடாது. மடிக்கணினி உறங்கும், மின்சாரம் போகும், வைஃபையிலிருந்து கைபேசி இணையத்துக்கு மாறும்போது முகவரி மாறும். எந்தக் கீப்அலைவாலும் இவற்றைத் தடுக்க முடியாது. இணைப்பு அறுந்ததைச் சர்வர் உணர்ந்ததும் உங்கள் ஷெல்லுக்கு ‘ஹேங்அப்’ சமிக்ஞை போகும், அதில் ஓடிக்கொண்டிருந்த வேலை பெரும்பாலும் அதோடு சாகும். பாதியில் நின்ற கணினி மேம்படுத்தலும் பாதியில் நின்ற தரவுத்தள மாற்றமும் எவ்வளவு பெரிய சேதம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நீண்ட வேலை எதையும் டிமக்ஸ் (tmux) இல்லாமல் தொடங்காதீர்கள். இணைப்பு அறுந்தாலும் உங்கள் வேலையைச் சர்வரிலேயே ஓடவிட்டு வைத்திருக்கும் நிரல் அது. கீப்அலைவை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று புதியவர்களிடம் வற்புறுத்திச் சொல்வேன். கற்க வேண்டியது கொஞ்சம்தான். சர்வரில் நுழைந்ததும்:

டிமக்ஸ் நியூ -எஸ் வேலை

‘வேலை’ என்ற இடத்தில் நீங்கள் விரும்பும் பெயர். உள்ளே வழக்கம்போல எதை வேண்டுமானாலும் ஓட்டுங்கள். விலக நினைத்தால் கன்ட்ரோலோடு ‘பி’ (b) அழுத்தி, கையை எடுத்துவிட்டு ‘டி’ (d) அழுத்துங்கள். நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள், வேலை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். இணைப்பு தானாக அறுந்தாலும் இதேதான் நடக்கும். மறுபடி நுழைந்து

டிமக்ஸ் அட்டாச் -டி வேலை

என்றால் (இங்கே ‘டி’ என்பது t) விட்ட இடத்தில் இருப்பீர்கள். பெயர் மறந்துபோனால் ‘டிமக்ஸ் எல்எஸ்’ பட்டியல் தரும்.

புதியவர்கள் இடறும் இடங்கள் இரண்டு. டிமக்ஸ் ஓட வேண்டியது சர்வரில், உங்கள் கணினியில் அல்ல. வேலையைத் தொடங்கிய பிறகு டிமக்ஸைத் திறப்பதும் உதவாது, முதலில் டிமக்ஸ், அதற்குள் வேலை. சில சர்வர்களில் பயனர் வெளியேறியதும் அவருடைய எல்லா வேலைகளையும், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி முடித்துவிடும்படி அமைத்திருப்பார்கள். டிமக்ஸும் காணாமல் போகிறது என்றால் ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ கட்டளையால் உங்கள் கணக்குக்கு விலக்கு வாங்க வேண்டும். அதன் பிறகும் காணவில்லை என்றால், டிமக்ஸை ‘சிஸ்டம்டி-ரன் --ஸ்கோப் --யூசர்’ என்ற கட்டளைக்குப் பின்னால் சேர்த்துத் தொடங்குங்கள். சர்வரே மறுதொடக்கமானால் டிமக்ஸும் போய்விடும்.

டிமக்ஸ் நிறுவப்படாத பழைய சர்வரில், அதே வேலையைச் செய்யும் ‘ஸ்கிரீன்’ இருக்கக்கூடும். அதில் விலகுவதற்குக் கன்ட்ரோலோடு ‘ஏ’ (a), பிறகு ‘டி’ (d). திரும்புவதற்கு ‘ஸ்கிரீன் -ஆர்’.

அடிக்கடி இடம் மாறுபவர்கள், எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாகப் பயன்படும் மோஷ் என்ற நிரலையும் பார்க்கலாம். எம்ஐடியில் உருவாகி 2012-இல் வெளிவந்தது. நுழைவதற்கு மட்டும் எஸ்எஸ்எச்சைப் பயன்படுத்திக்கொண்டு, பிறகு, டிசிபி போல நிலையான இணைப்பு எதையும் வைத்துக்கொள்ளாத யுடிபிக்கு மாறிவிடும். அதனால் கணினி உறங்கி எழுந்தாலும், முகவரி மாறினாலும் தொடரும். இரு பக்கமும் நிறுவ வேண்டும், சர்வரின் ஃபயர்வாலில் 60000 முதல் 61000 வரையுள்ள யுடிபி வாயில்கள் திறந்திருக்க வேண்டும். மேலே நகர்த்திப் பழைய வரிகளைப் படிக்கும் வசதியும், வேறு நிரல்களின் தரவை இதே இணைப்பின் வழியே கடத்தும் போர்ட் ஃபார்வர்டிங்கும் அதில் இல்லை. ஆகவே மோஷுக்குள்ளும் டிமக்ஸ் தேவைப்படும்.

உறைந்த டெர்மினலிலிருந்து வெளியேற

சாளரத்தையே மூட வேண்டியதில்லை. என்டர் விசையைத் தட்டுங்கள், பிறகு அலைக்குறி (~), பிறகு முற்றுப்புள்ளி. எஸ்எஸ்எச் உடனே இணைப்பை உதறிவிட்டு உங்கள் கணினியின் ஷெல்லுக்குத் திரும்பும். அலைக்குறி வரியின் முதல் எழுத்தாக இருந்தால்தான் இது நடக்கும், அதற்காகத்தான் முதலில் என்டர். ஒரு சர்வருக்குள்ளிருந்து இன்னொரு சர்வருக்குப் போயிருந்து, உள்ளே இருப்பதை மட்டும் உதற வேண்டுமானால் அலைக்குறியை இருமுறை தட்டுங்கள்.

அப்படியும் அறுந்தால்

கீப்அலைவ் உண்மையில் போய் வருகிறதா என்று பார்க்கலாம். ‘எஸ்எஸ்எச் -விவிவி -ஈ பதிவு.லாக் பயனர்@சர்வர்’ என்று இணைந்தால் (‘ஈ’ மட்டும் பெரிய எழுத்து) விவரங்கள் திரையில் கொட்டாமல் அந்தக் கோப்பில் சேரும். சும்மா இருக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் வகை 80 பாக்கெட் ஒன்று போவதும், வகை 82 ஒன்று திரும்புவதும் அதில் தெரிய வேண்டும். 82 என்பது ‘கோரிக்கை ஏற்கப்படவில்லை’ என்ற பதில். அதைக் கண்டு பதற வேண்டாம், ஏதோ ஒரு பதில் வந்தாலே இணைப்பு உயிரோடு இருப்பது உறுதி. 80 போய்க்கொண்டே இருந்து பதில் மட்டும் நின்றுபோனால் பாதையில் கோளாறு. இரண்டும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போதே குறிப்பிட்ட நேரத்தில் அறுந்தால், சர்வரில் 2023-இல் ஓபன்எஸ்எஸ்எச் 9.2-உடன் அறிமுகமான ‘சேனல்டைம்அவுட்’ அமைப்போ, இணைப்பின் மொத்த வயதுக்கே வரம்பு வைக்கும் விபிஎன்னோ இருக்கலாம். அந்த நிலையில் நிர்வாகியிடம் ‘அடிக்கடி அறுகிறது’ என்று மட்டும் சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. எங்கிருந்து எந்தச் சர்வருக்கு இணைந்தீர்கள், எத்தனை நிமிட மௌனத்தில் அறுந்தது, வேலை நடக்கும்போதும் அறுகிறதா, கடைசியில் வந்த செய்தி என்ன ஆகியவற்றை அந்தப் பதிவுக் கோப்போடு சேர்த்து அனுப்புங்கள்.